ஃபெரோ ராட் அருமை, கூட வரும் சுரண்டிதான் உயிரை வாங்குகிறது

காட்டில் தங்கிப் பழக ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற அதே ஃபெரோ ராடை நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஃபெரோ ராட் என்பது சுரண்டினால் பொறி கொட்டுகிற, தீ மூட்ட உதவும் உலோகக் குச்சி. உடனே சரி என்று சொல்ல மனசு வரவில்லை. காரணம், ராடைச் சீவுவதற்கென்று அதோடு கயிற்றில் கட்டிக் கொடுத்திருக்கிற அந்தச் சுரண்டி.

ராடைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மழையில் ஊறிய பையின் அடியிலிருந்து எடுத்து, சட்டையில் ஒரு துடை துடைத்து இழுத்தால் பொறி கொட்டுகிறது. அந்த நேரத்தில் நனைந்த தீப்பெட்டி எதற்கும் ஆகாது. பியூட்டேன் லைட்டரும் உறைகுளிரில் மக்கர் பண்ணும். பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் அந்த வாயு சரியாக ஆவியாகாது. ராடுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. சுமார் 3,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொறி விழுகிறது. சீரியம் என்ற உலோகமும் இரும்பும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை வாங்கினார். லைட்டருக்குள் இருக்கிற கல்லும் இதே சரக்குதான்.

ஆனால் ராட் தானாகப் பொறி விடாது. கூரான ஒரு விளிம்பு அதிலிருந்து துகளைச் சீவ வேண்டும். உரசிய சூட்டோடு அந்தத் துகள் காற்றில் பற்றிக்கொள்கிறது. அதாவது, பாதி வேலை சுரண்டியுடையது. அதைத்தான் தயாரித்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. தகட்டில் அச்சடித்து வெட்டிய துண்டு அது. ஒரு பக்க ஓரம் உருண்டு மழுங்கியிருக்கும், மறுபக்கம் மெல்லிய பிசிர். அந்தப் பிசிர் இருந்தவரை வேலை நடந்தது. அது தேய்ந்ததிலிருந்து இழுக்க இழுக்க ராடின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடுதான் விழுகிறது. சீவாமல் வழுக்குகிறது. அழுத்தம் கொடுத்தால் கை சட்டென்று விடுபட்டு, பொறுமையாகப் பிரித்து வைத்த பஞ்சில் மோதிக் கலைத்துவிடுகிறது. ஈரமான நாளில், இருட்டும் நேரத்தில் இப்படி நடந்தால் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அரத்தால் ராவிப் பார்த்தேன். ஓரம் 90 டிகிரிக்கு நின்றதும் அன்றைக்கு அட்டகாசமாக வேலை செய்தது. ஆனால் இரும்பு மெத்து. சில முறை தீ மூட்டுவதற்குள் மறுபடி பழைய கதை.

அப்புறம், இரும்பறுக்கிற ரம்பத்தின் (ஹேக்சா) உடைந்த பிளேடு ஒன்றின் முதுகுப் பக்கத்தை வைத்து இழுத்தேன். அடடா! இதே ராடா இது என்று தோன்றியது. கட்டை விரலால் அழுத்தி மெதுவாக இழுக்கும்போது பெரிய பெரிய பொறிகள் உருகிய சொட்டாக விழுந்து, பஞ்சின் மேல் கொஞ்ச நேரம் நின்று எரிகின்றன. வாஸ்லின் தடவிய பஞ்சு என்றால் ஒரே இழுப்புதான். பிளேடைப் பஞ்சுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்து, ராடைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கை முன்னால் பாய்ந்து எதையும் கலைக்காது. முதுகு கூராக இருக்கிற கத்தியும் சரிவரும், ஆனால் வெட்டும் பக்கத்தை மட்டும் ராடில் வைக்கவே கூடாது.

உப்புக்காற்று படுகிற இடத்தில் ராட் பூத்துப்போகும். ஈரம் பட்டால் துடைத்து வையுங்கள், போதும்.

இத்தனை நாள் சீவியும் ராட் இன்னும் பாதிகூடத் தேயவில்லை. என் பையில் இருப்பதிலேயே நான் அதிகம் நம்புவது இதைத்தான். இருந்தாலும் நண்பருக்கு, இந்த செட் வேண்டவே வேண்டாம் என்றுதான் பதில் எழுதினேன். தீ மூட்டவென்று விற்கிற பொருளில், தீயை உண்டாக்குகிற பாகத்தையே ஏனோதானோ என்று செய்திருக்கிறவர்களுக்கு இன்னொருவர் காசு போக வேண்டாம். கைப்பிடி இல்லாத வெறும் ராடாகத் தனியே வாங்கச் சொல்லியிருக்கிறேன். பிளேடுத் துண்டு ஒன்றை நானே ராவி அனுப்புகிறேன்.