வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே: பழைய கார் பெட்ரோல் மூடிக்கு உதவுமா?

கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று வாங்கிய ஸ்ப்ரே இது. இதன் அருமை தெரிந்தது பெட்ரோல் மூடியில்தான்.

என் கார் 2006 மாடல். டிரைவர் சீட் ஓரத்தில், தரையோடு இருக்கும் லீவரை இழுத்தால் பெட்ரோல் போடும் இடத்தின் வெளி மூடி திறக்க வேண்டும். நான் இழுத்துப் பிடிக்க, பங்க் தம்பி தட்டித் தட்டி எடுப்பதே வழக்கமாகிவிட்டது. "சார், இன்னொரு தடவை இழுங்க" என்பார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். ஒரு ஒர்க்‌ஷாப்பில், லீவரிலிருந்து மூடி வரை போகும் கேபிளையே மாற்றணும் என்றார்கள். அதற்குச் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும், கூலிதான் பெரிசு.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வேறொருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். மூடியைப் பூட்டுகிற சின்னக் கம்பி முழுதாக உள்ளே போனால் கேபிளில் கோளாறு இல்லை. என் காரில் அந்தக் கம்பி முழுதாக உள்ளே போனது, ஆனால் முரண்டு பிடித்துத்தான் நகர்ந்தது. சுற்றிலும் புழுதியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது.

நேராக கிரீஸ் அடித்தால் அழுக்கின் மேல் அழுக்குதான். முதலில் டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே விட்டு, லீவரை இழுத்து இழுத்து, பழைய துணியால் அந்தக் கறுப்பைத் துடைத்தேன். அழுக்கை இளக்க அது கெட்டிக்காரன். ஆனால் மெல்லிய எண்ணெய், ரொம்ப நாள் நிற்காது. அப்புறம்தான் வெள்ளை கிரீஸ். அடிக்கும்போது தண்ணியாக இடுக்கில் இறங்கி, கொஞ்ச நேரத்தில் கெட்டியாகப் படிகிறது. பூட்டுக் கம்பி இப்போது 'டக்'கென்று போய் வருகிறது.

மூடியை வெளியே தள்ளும் தகடு ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. பிளையரால் லேசாக வெளிப்பக்கம் வளைத்தேன், சரியாகிவிட்டது. கேபிள் இழுபட்டுத் தொய்ந்திருந்தால் மட்டும் இந்த ஸ்ப்ரேயால் பிரயோஜனம் இல்லை.

குறை என்றால், டப்பா வாயில் மெல்லிய குழாய் மாட்டாமல் அழுத்தினால் பெயின்ட் மேலெல்லாம் தெறிக்கிறது. அதிகமாகிவிட்டால் புழுதியையும் இழுக்கும். மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். ரப்பர் பாகத்துக்கு இது வேண்டாம், சிலிக்கான் ஸ்ப்ரே நல்லது. கிரீஸ், டபிள்யூடி-40 ரெண்டு டப்பாவும் தீப்பிடிக்கக் கூடியவை. உள்ளே இருக்கும் டேங்க் திருகு மூடியை இறுக்கி, எஞ்சினை அணைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள். பங்கில் வேண்டவே வேண்டாம்.

350 ரூபாய் ஆனது. சின்ன டப்பா கிடைத்தால் அதுவே போதும். எனக்கு மிஞ்சியது வீட்டு கேட் தாழ்ப்பாளுக்கும் ஷட்டருக்கும் போய்க்கொண்டிருக்கிறது.