2 மி.கி. நிகோடின் கம்: மெல்லத் தெரியாமல் மென்ற முதல் வாரம்

கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ் என்று ஜாப் வேலை. வயது 44. அதில் 22 வருஷம் தம் அடித்திருக்கிறேன். கடைசியில் நாளொன்றுக்கு 12 கிங்ஸ் சிகரெட்டில் வந்து நின்றது. தம்மை நிறுத்த மருந்துக் கடையில் கிடைக்கிற 2 மி.கி. நிகோடின் கம்மைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று கம்பெனிச் சரக்கையும் மென்று பார்த்துவிட்டேன். உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே என்பதால் பெயர் எதுவும் சொல்லவில்லை. முதல் வாரத்துக்கு ஒரு ஸ்டார், கடைசி மாதத்துக்கு நாலரை ஸ்டார். நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை வாங்கியது பட்டறைக்கு நாலு கடை தள்ளி. கேட்டதும் கடைக்காரர் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதுபோல ஓர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார்.

"எப்படிங்க சாப்பிடோணும்?"

"மெல்லோணும், அவ்வளவுதானுங்க."

மென்றேன். பபிள்கம் மாதிரி, பல் நோக நோக. இரண்டு நிமிஷத்தில் பச்சை மிளகைக் கடித்த மாதிரி தொண்டை எரிந்தது. விக்கல் பிடித்து நிற்கவே இல்லை. வயிற்றைப் புரட்டியது. துப்பிவிட்டு நேராக பேக்கரிக்குப் போய் ஒரு டீ சொல்லி, டீயோடு ஒரு கிங்ஸும் பற்றவைத்தேன். அன்றைய கணக்கு நாலு கம், ஒன்பது சிகரெட். அப்படியே ஒரு வாரம் ஓடியது. அட்டை காலியானதும் "இது நமக்கு ஆகாது" என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் கம் வருகிற டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தேன். நான் எங்கே படித்தேன், ப்ளஸ் ஒன் படிக்கிற மகள்தான் பொடி எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். மெதுவாகச் சில கடி. நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றதும் நிறுத்திவிட வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக் குறைந்ததும் மறுபடி இரண்டு கடி, இந்த முறை வேறு பக்கம் ஒதுக்கல். ஒரு கம்முக்கு அரை மணி நேரம். நிகோடின் வாயின் உள்தோல் வழியாக ஊற வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய், ஈரலில் பெரும்பகுதி அழிந்துவிடும். நமக்கு மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும்தான். லேத்தில் ஃபீட் கொடுக்கிற மாதிரி என்று எனக்கு உடனே பிடிபட்டது. அவசரப்பட்டு அழுத்தினால் டூல் போகும். இதை அந்தக் கடைக்காரர் அரை நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

அதே தாளில் இன்னொரு வரி இருந்தது. என்னைக் கவிழ்த்தது அதுதான். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தும், வாயில் இருக்கிற வரைக்கும், டீ, காபி, ஜூஸ், கலர் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு ஏறிவிட்டால் நிகோடின் ஊறாது. கோயமுத்தூர்க்காரனிடம் இதைச் சொன்னால் எப்படி? காலை பதினொன்று, சாயங்காலம் நாலு, இரண்டு வேளையும் பேக்கரியில் நிற்கிற சாதி நாங்கள். நான் தேடியதும் டீயோடு போகிற தம்முக்கு மாற்றாக ஒன்றைத்தான். டீயைக் குடித்துக்கொண்டே கம்மை மென்றிருக்கிறேன். காசைத் தண்ணீரில் போட்ட கணக்கு.

கடைசியில் நேரத்தை மாற்றினேன். பத்தரைக்கு ஒரு கம், பதினொன்றுக்குத் துப்பிவிட்டு டீ. கைமேல் பலன் தெரிந்தது. சிகரெட் புகை இழுத்த சில விநாடிகளில் மூளைக்கு ஏறிவிடும். கம் ஊறி உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். தம் ஆசை வந்த பிறகு கம்மைத் தேடுவது பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடுவதுதான். கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். முதல் ஆறு வாரம் ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒன்று, அப்புறம் மெல்ல இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்துவது என்று தாளில் போட்டிருக்கிறது. எனக்கு 16 வாரம் ஆனது. இருக்கட்டும்.

இந்தக் கம் முதலில் யாருக்காகத் தோன்றியது என்பது ஒரு வேடிக்கை. 1960களின் கடைசியில், புகைக்க வழியில்லாத ஸ்வீடன் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களைப் பார்த்து எழுந்த யோசனையாம். ஹெல்சிங்போரியில் ஓவே ஃபெர்னோ என்பவர் அதை மருந்தாக ஆக்கினார். கப்பலுக்குள் பேக்கரி இல்லை. அவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அடுத்தது அளவு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவருக்கு 2 மி.கி. பற்றாது, 4 வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் முதல் தம் பாத்ரூமிலேயே முடிந்துவிடும். நான் வாங்கிய சமயம் 2 மி.கி. சீட்டில்லாமல் கொடுத்தார்கள், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு கேட்டார்கள். டாக்டரிடம் என்னைப் போகவைத்தது 1800-11-2356 என்ற இலவச எண். 2018லிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்து வருகிறதாம். நான் சில்லறையில் ஒவ்வொன்றாக வாங்குகிறவன், பாக்கெட்டை எங்கே பார்த்தேன்? தமிழில் ஓர் அம்மா பேசினார்கள். முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, வீட்டில் வேறு யாராவது பிடிக்கிறார்களா என்று கேட்டு, விடுகிற தேதியை என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். சொன்னபடி மறுபடியும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்தச் சேவைக்கு ஐந்து ஸ்டார்.

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு 4 மி.கி. எழுதவில்லை. தோலில் ஒட்டுகிற 21 மி.கி. நிகோடின் பேட்ச் தினம் ஒன்று, இடையில் திடீரென்று ஆசை கிளம்பினால் மட்டும் அதே 2 மி.கி. கம் என்றார். பேட்ச் தோல் வழியாக நாள் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கும், கம் இடைநேரத்துக்கு. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம் என்பது நிறையப் பேரிடம் சோதித்துப் பார்த்த விஷயம்தான். பிறகு 14, அப்புறம் 7 என்று இறங்கினேன். ஒட்டிய இடம் அரிக்கும். தினம் இடத்தை மாற்றி ஒட்டினால் தாங்கலாம். ராத்திரி அதோடு தூங்கினால் கனவுகள் கலரில் வரும். ஒரு நாள் செத்துப்போன எங்கள் அப்பா வந்து லேத் ஓட்டிக் காட்டினார். டாக்டரிடம் சொன்னேன், படுக்கும்போது கழற்றிவிடச் சொன்னார்.

காசு விஷயம். அப்போது ஒரு கிங்ஸ் 18 ரூபாய், 12க்கு 216. கம் ஒன்று சுமார் 11 ரூபாய் விழுந்தது. எட்டு மென்றால் 88. பேட்ச் செலவு தனி. முதல் மாதம் வீட்டில், "ஏனுங்க, தம்முக்குக் குடுத்ததை இப்ப மெடிக்கலுக்குக் குடுக்கறீங்க, அவ்வளவுதானே?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது மாதம் அவளே கேட்பதை விட்டுவிட்டாள்.

என் பெரிய வருத்தம் சரக்கு கிடைக்காதது. உலக சுகாதார நிறுவனம் 2009லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது, நம் நாட்டுப் பட்டியலிலும் 2022இல் வந்தது. ஆனால் எங்கள் ஏரியாவில் ஒரு அட்டைக்கு நாலு கடை ஏறி இறங்க வேண்டும். பேட்ச் என்றால் சொல்லிவைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சிகரெட்டுக்குப் பத்தடி நடந்தால் போதும்.

சுவையைப் பற்றி: புதினா பரவாயில்லை. பான் வாங்காதீர்கள், கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டை நக்கின மாதிரி. தாடை வலிக்கும். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், எனக்கு அடைப்பு பேர்ந்து வந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அட்டையைப் பீரோ மேலே வைக்கவும். மிட்டாய் என்று வாயில் போட்டால் விஷம். மென்று துப்பியதிலும் நிகோடின் மிச்சம் இருக்கும், தாளில் சுற்றிப் போடுங்கள்.

வேப், அதாவது இ-சிகரெட் அடிக்கிறவர்களுக்கு இது வேலை செய்யுமா? அக்கா மகனை வைத்துச் சொல்கிறேன். பெங்களூரில் ஐடி வேலை. 2019லேயே தடை பண்ணிய சாமான் அவனுக்கு எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தது. "மாமா, இதுல புகையே இல்ல" என்று என்னைக் கேலி செய்தவன், படுக்கையிலும் மீட்டிங்கிலும் இழுத்துக்கொண்டே இருந்தான். சிகரெட்டாவது பஞ்சு வரைக்கும் எரிந்து அணையும், எண்ணிவிடலாம். வேப்புக்கு முடிவே இல்லை. எவ்வளவு நிகோடின் உள்ளே போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. 2 மி.கி. கம் அவனுக்கு யானைப் பசிக்கு எள்ளுருண்டை மாதிரி இருந்ததாம். எழுந்து ஐந்து நிமிஷத்தில் முதல் இழுப்பு என்று டாக்டரிடம் சொன்ன பிறகு அவனுக்கும் பேட்ச்தான் எழுதினார். இப்போது ஆறாவது வாரம். இன்னும் சட்டைப் பையைத் தடவுகிறான்.

எனக்குத் தம் விட்டு ஏழு மாதம். ஓர் அட்டை மட்டும் ஸ்கூட்டர் டிக்கியில் கிடக்கிறது. போன ஞாயிறு பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மச்சான் ஒருவர் பாக்கெட்டை நீட்டினார். வாங்கி முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன், அந்த எண் நிஜமாகவே அச்சடித்திருந்தது. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிக்கியைத் திறந்து ஒரு கம்மை எடுத்தேன். இன்னொரு கையில் பாதி குடித்த காபி டம்ளர். கம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனேன், மணி பார்த்துக்கொண்டே.