சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைக் கணித டியூஷன்: பாடம் அருமை, பயிற்சித் தாள் போதாது

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் நடக்கும் டியூஷன் இது. பாடம் ஆங்கிலத்தில்தான். இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை, அதாவது அ² − ஆ² போன்றவற்றைக் காரணிகளாகப் பிரிப்பதை, எப்படி நடத்துகிறார்கள் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் 9ஆம் வகுப்பிலேயே வரும் இதில் தடுமாறுகிற பிள்ளை, 10இல் இயற்கணிதப் பின்னங்களிலும் 11இல் திரிகோணமிதி முற்றொருமைகளிலும் மாட்டிக்கொள்ளும்.

அடித்தளம் உறுதியாகப் போடுகிறார்கள். சூத்திரம் பலகைக்கு வருமுன் ஆளுக்கொரு காகிதமும் கத்தரிக்கோலும் கொடுத்துவிடுகிறார்கள். 12 செ.மீ. சதுரத்தின் வலது மேல் மூலையில் 5 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்தால் ‘ட’ போல ஒரு துண்டு மிஞ்சும். அதை 12க்கு 7, 5க்கு 7 என இரண்டாக நறுக்கி, 7 செ.மீ. ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் 17க்கு 7 செவ்வகம். 144 − 25 = 119; 17 × 7 = 119. அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) கண்ணெதிரே நிற்கிறது. (அ − ஆ)² என்று எழுதுகிற பிள்ளைக்கு, 7 × 7 வெறும் 49தானே என்று உடனே காட்டிவிடலாம்.

பொதுக் காரணியை முதலில் எடுக்க வைப்பதில் கறாராக இருக்கிறார்கள், அதுவும் சரியே. 2அ² − 50இல் வர்க்கம் இல்லையென்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. 2ஐ வெளியே எடுத்தால் 2(அ − 5)(அ + 5). அ⁴ − 81ஐ (அ² − 9)(அ² + 9) என்பதோடு நிறுத்தவும் விடுவதில்லை: (அ − 3)(அ + 3)(அ² + 9) வரை போக வேண்டும்.

குறை பயிற்சித் தாளில். தலைப்பிலேயே ‘வர்க்கங்களின் வித்தியாசம்’ என்று போட்டு, கீழே எல்லாம் அதே வகைக் கணக்கு. தேர்வில் வகையை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அ² + 16, அ² − 8அ + 16, அ² − 16அ, 16 − அ² நான்கையும் கலந்து கொடுத்து, கடைசி ஒன்று மட்டுமே இந்த வகை என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இனம் காண்பதுதான் இங்கே பாதி வேலை.

அடைப்புக்குறிக் கணக்குகளும் மிகக் குறைவு. 25 − (அ − 2)²இல் உள் அடைப்பைத் தொலைத்து 5 − அ − 2 என எழுதினால் (3 − அ)(3 + அ) வந்துவிடும். சரியான விடை (7 − அ)(3 + அ). அ = 1 போட்டுப் பார்த்தால் கேள்வி 24, சரியான விடை 24, தவறானது 8. இந்தச் சரிபார்ப்பை வகுப்பில் சொல்லித் தருவதில்லை, பெரிய குறை.

9ஆம் வகுப்புக்குத் தயங்காமல் சேர்க்கலாம். 10ஆம் வகுப்புப் பிள்ளையென்றால், கலப்புப் பயிற்சி தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.