ஓ.இ.டி. கேட்டல் தேர்வு: இலவச மாதிரித் தேர்வுகள் போதுமா?

வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கோச்சிங் சென்டர் நல்லது என்றுதான். ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகளைக் கேட்டுப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். இலவசம் என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது என்ற சந்தேகம் நமக்கு உண்டு. தேர்வுக் கட்டணமே முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, அதற்குமேல் பயிற்சிக்கும் கொட்டிக் கொடுத்தால்தான் மனம் ஆறுகிறது போலும்.

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். கேட்டலில் பி கிரேடு வாங்கியிருக்கிறேன். அதற்கு நான் பயன்படுத்தியவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன். வாசித்தல், எழுதுதல், பேசுதல் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. 12 தொழில்களுக்கு நடத்துகிறார்கள். எழுதுவதும் பேசுவதும் அவரவர் தொழிலுக்கு ஏற்றபடி மாறும். கேட்டலும் வாசித்தலும் எல்லோருக்கும் பொது. அதாவது கால்நடை மருத்துவரும் பல் மருத்துவரும் நானும் ஒரே ஒலிப்பதிவைத்தான் கேட்கிறோம். சுமார் 40 நிமிடம், 42 கேள்விகள், மூன்று பகுதிகள். எந்தப் பகுதியானாலும் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். 500க்கு 350 எடுத்தால் பி. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் எழுதுதலுக்கு மட்டும் 300 போதும் என்று இறங்கி வருகிறது. கேட்டலுக்கு அந்தச் சலுகை இல்லை.

மாதிரித் தேர்வில் ஒலிப்பதிவு, கேள்வித்தாள், விடைத்தாள் ஆகியவற்றோடு பேசியதெல்லாம் சொல்லுக்குச் சொல் அச்சான உரை வடிவமும் கிடைக்கிறது. இந்த நான்காவதுதான் மற்ற மூன்றையும்விட மதிப்பு உள்ளது. ஆனால் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், விடையைச் சரிபார்த்து மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு அடுத்த தேர்வுக்குப் போகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மதிப்பெண் நம் நிலையைச் சொல்லும். எங்கே காது நழுவியது என்பதை உரை வடிவம்தான் காட்டும்.

முதல் பகுதியில் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நோயாளி ஒருவர் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தன் கதையைச் சொல்கிறார். அந்த உரையாடலின் குறிப்பு, தலைப்புகள் போட்டுப் பாதி எழுதிய நிலையில் நம் முன்னால் இருக்கும். ஒவ்வொரு உரையாடலிலும் விட்டுப்போன 12 இடங்களை நாம் நிரப்ப வேண்டும். குறிப்பைப் படித்துப் பார்க்க 30 விநாடி தருவார்கள். கேஸ் ஷீட் எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிது என்று தோன்றும், ஆனால் அந்தப் பழக்கமேதான் நம்மைக் கவிழ்க்கிறது. கால் மரத்துப்போய்க் குத்துகிறது என்பதை நோயாளி ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்பார். நம் கை ‘பாரஸ்தீசியா’ என்று எழுதப் போகும். அந்தச் சொல்லின் எழுத்துகளை யோசிக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு விடைகள் ஓடிவிடும். கேட்ட சொல்லை அப்படியே எழுதுவதே பாதுகாப்பு. பொருள் புரிகிற அளவுக்கு எழுதியிருந்தால் சிறிய எழுத்துப் பிழையை இந்தப் பகுதியில் மன்னிக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

இந்த உரையாடல்களைத் தயாரித்தவர்களுக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். நோயாளிகள் உண்மையில் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார்கள், வேறு எங்கோ போவார்கள், சொன்னதை மாற்றுவார்கள். எங்கள் ஓ.பி.யில் தினமும் நடப்பதுதான். “சுகர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” “ஒரு நாள்கூட விட்டதில்லை சிஸ்டர்.” கொஞ்சம் பொறுத்தால், “போன வாரம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டேன்” என்று வரும். முதல் பதிலை எழுதி முடித்துவிட்டு நிமிர்கிறவருக்கு இரண்டாவது பதில் கிடைக்காது. மாதிரித் தேர்விலும் இதே வேலைதான்: மாத்திரை இரண்டு வேளை என்று ஒரு வாக்கியம் வரும், அதை மூன்று வேளையாக்கிவிட்டார்கள் என்று அடுத்த வாக்கியம் வரும். குறிப்பில் கேட்டிருப்பது இப்போதைய அளவா, முந்தைய அளவா என்று தலைப்பைப் பார்த்து வைத்திருந்தால் தப்பிக்கலாம். அந்த 30 விநாடியில் செய்ய வேண்டியது அதுதான்.

எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை நாம் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். அவர்கள் பதினைந்தில் பின்பாதியை அழுத்துவார்கள், ஐம்பதில் முன்பாதியை. ஐ.சி.யூ.வில் டாக்டர் போனில் ஆர்டர் கொடுத்தால் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வோம். தேர்வில் திருப்பிச் சொல்ல மறுமுனையில் ஆள் இல்லை.

இரண்டாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு சிறிய ஒலித்துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டியூட்டி மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவர், புதிய கருவியைப் பற்றிய விளக்கம், வார்டு கூட்டம் என்று மருத்துவமனைக்குள்ளே நடக்கும் பேச்சு. ஹேண்டோவர் கொடுத்தே வளர்ந்தவர்களுக்குச் சூழல் உடனே பிடிபடும். ஆனால் தவறான விடைகளில் இருக்கும் சொற்களும் அந்த ஒரு நிமிடத்துக்குள் காதில் விழும்படி எழுதியிருக்கிறார்கள். சொல் கேட்டது என்பதற்காக விடையைத் தொட்டால் மாட்டிக்கொள்வோம். பேசுகிறவர் குறை சொல்கிறாரா, எச்சரிக்கிறாரா, அனுமதி கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. இதில் பயிற்சி பெற ஒரு வழி: கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு துண்டையும் கேட்டு, ‘இவர் எதற்காக இதைச் சொல்கிறார்’ என்று ஒரே வரியில் தமிழிலேயே எழுதுங்கள். பிறகு கேள்வியைத் திறந்தால் விடை பெரும்பாலும் கண்ணில் படும்.

மூன்றாவது பகுதியில்தான் மதிப்பெண் கரைகிறது. பேட்டி அல்லது உரை, ஐந்து நிமிடம் வீதம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்விகள். படித்துக்கொள்ள 90 விநாடி உண்டு. தகவலைவிடப் பேசுபவரின் கருத்தைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ‘இந்தச் சிகிச்சை நல்லது என்று நானும் நம்பினேன்’ என்று தொடங்குபவர் எதிர்ப்பக்கமாக முடிப்பார். நைட் டியூட்டி முடித்துவிட்டு இதைக் கேட்க உட்கார்ந்தால் இரண்டாவது உரையின் நடுவில் கவனம் கழன்று போவது நிச்சயம். தூங்கி எழுந்து கேளுங்கள்.

மாதிரித் தேர்வுகளின் குறை இங்கேதான் தெரிகிறது. மூன்றாவது பகுதிக்கு நிறையக் கேட்க வேண்டும், இலவசமாகக் கிடைப்பதோ கையளவு. இந்த இடைவெளிக்கு ஏ.பி.சி. வானொலியின் ஹெல்த் ரிப்போர்ட் நிகழ்ச்சியைச் சொல்வேன். ஆஸ்திரேலியப் பொது வானொலி நடத்துவது, இணையத்தில் இலவசம். அதை 1985 முதல் நடத்தி வந்த டாக்டர் நார்மன் ஸ்வான் ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். வருகிற விருந்தினர்கள் பலவித உச்சரிப்பில் பேசுவார்கள். ஆராய்ச்சியாளரிடம் கேள்வி கேட்பதும், அவர் ‘ஆனால்’ போட்டு நழுவுவதும், விடாமல் மறுபடி கேட்பதும் அச்சு அசல் மூன்றாவது பகுதிதான். ஐந்து நிமிடத் துண்டாக எடுத்து, பேசுபவர் எங்கே கருத்தை மாற்றுகிறார் என்று குறித்துப் பழகினால் போதும். பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். நல்ல நிகழ்ச்சிதான், உரை வடிவமும் உண்டு. ஆனால் ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். பள்ளி முடித்து ஆங்கிலம் கேட்கவே பயப்படுகிறவர்களுக்கு அது முதல் படி. ஓ.இ.டி.க்கு அந்தப் படியைத் தாண்டி வர வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் காது அமெரிக்கப் படங்களுக்குப் பழகியது. ஆஸ்திரேலியர் வாயில் ‘பெயின்’ என்பது பாதி வழி ‘பைன்’ ஆகிவிடும், ‘எய்ட்’ என்பது ‘ஐட்’ போல விழும். வலியின் அளவைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிற உரையாடலில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு உச்சரிப்பு விதிகளைப் படித்துப் பயனில்லை. உரை வடிவத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே ஒலியைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்வதுதான் எனக்கு வேலை செய்தது. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இனி, நான் பணம் கொடுத்து வாங்கியவை. பெயர் சொல்லப்போவதில்லை. நூற்றுக்கணக்கான கேட்டல் தேர்வுகள் என்று விளம்பரம் செய்த ஒரு செயலி. பேச்சு முழுவதும் எந்திரக் குரல். நோயாளி நெஞ்சுவலியைச் சொல்லும்போதும் ரயில் நிலைய அறிவிப்பு போலவே இருந்தது. தயக்கம் இல்லை, இருமல் இல்லை, சொன்னதை மாற்றுவது இல்லை. அதில் நாற்பதுக்கு மேல் எடுத்துப் பூரித்துப்போகிறவர் உண்மையான ஒலிப்பதிவைக் கேட்டால் திகைத்துவிடுவார். போதாததற்கு நிறுத்தி நிறுத்திக் கேட்கும் வசதியைத் தேர்வுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஒருமுறைதான் கேட்கும் என்ற பதற்றத்துக்குப் பழகுவதே பாதிப் பயிற்சி, அதைச் செயலியே கெடுக்கிறது. சில விடைகளும் தவறு. எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கோச்சிங் வகுப்பு ஒன்றிலும் சேர்ந்தேன். கேரளத்தில் ஓ.இ.டி. வகுப்பு இல்லாத ஊர் குறைவு, அங்கிருந்து வரும் தோழிகள் நல்ல ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தது அப்படி இல்லை. மேலே மின்விசிறி சுற்ற, மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, முடிந்ததும் விடைகளை வாசித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். ஏன் இந்த விடை என்று கேட்டால், “இன்னும் நிறையக் கேளுங்கள் சிஸ்டர்” என்றார் ஆசிரியர். பேசுதலுக்கும் எழுதுதலுக்கும் திருத்திச் சொல்ல ஒருவர் வேண்டும், அதற்கு வகுப்புக் கட்டணம் நியாயம். கேட்டலுக்கு மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் காதை முழுவதும் மூடுகிற ஒரு நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

மாதிரித் தேர்வுகள் குறைவு என்பதால் சிக்கனமும் தேவை. ஒன்றை முழுமையாக, தேர்வு நேரத்தில், நிறுத்தாமல் எழுதுங்கள். அதன்பின் அதைவிட்டு உடனே ஓடாதீர்கள். உரை வடிவத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல்லைக் காது பிடிக்கவில்லையா, கேட்டும் கேள்வியைத் தவறாகப் படித்தோமா. மூன்றுக்கும் மருந்து வேறு. படிக்கும் நேரத்துக்கான மௌனமும் ஒலிப்பதிவிலேயே சேர்ந்து வருவதால் திரும்பக் கேட்கும்போது தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருக்கும். அது சிறு தொல்லை. ஒரு மாதிரித் தேர்வைக் கடைசி வாரத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வை எழுதப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஓ.இ.டி. மாதிரிகளைத் தேடிப் போக வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் கேட்டல் தேர்வு வேறு வகை: நான்கு பகுதிகள், 40 கேள்விகள், வரைபடத்தில் இடம் கண்டுபிடிப்பது, மாணவர்களின் கலந்துரையாடல், கல்லூரி விரிவுரை என்று போகும். எழுத்துப் பிழைக்கு அங்கே மன்னிப்புக் கிடையாது. அதற்குக் கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத்தாள் தொகுப்புகள் இருக்கின்றன. ஒரு புத்தகத்தில் நான்கு தேர்வுகள், பின்பக்கத்தில் உரை வடிவமும் உண்டு. நகல் எடுத்து விற்கும் மங்கலான பிரதிகளை விட்டு அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள், ஒலிப்பதிவைத் தேடி அலைய வேண்டியிருக்காது.