பிசிசி பெற்ற அனுபவம்: கவுண்டரில் வேகம், காவல் நிலையத்தில் தாமதம்

வெளிநாட்டு வேலைக்காகப் பிசிசி எனப்படும், குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான காவல்துறைச் சான்றிதழ் கேட்கப்பட்டபோது, முதலில் நான் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தைத்தான் திறந்தேன். அங்கே கிடைக்கும் சரிபார்ப்பு அறிக்கை, வாடகைதாரர், வீட்டுப் பணியாளர் போன்றோரின் பின்னணியை அறிவதற்கானது. வெளிநாட்டுக்குரிய சான்றிதழை வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா வழியாகவே பெற வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பலர் தடுமாறுகிறார்கள்.

இணையத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டணம் செலுத்துவது எளிதாகவே இருந்தது. 2022 செப்டம்பர் முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்க முடிவதால், சிற்றூர்க்காரர்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. பாஸ்போர்ட் சேவா மையத்தில் டோக்கன் பெற்று, ஆவணங்களைக் காட்டி, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டேன்.

பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் நான் இப்போது வசிக்காததால், விண்ணப்பம் புதிய முகவரிக்குரிய காவல் நிலையத்துக்குச் சென்று, அங்கே இரண்டு வாரங்களுக்கும் மேல் அசையாமல் கிடந்தது. நானே வாடகை ஒப்பந்தத்தோடு நேரில் போய் நின்ற பிறகுதான் விசாரணை தொடங்கியது. அதையும் மரியாதையாகவே நடத்தினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மையத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன்; காவல் நிலையக் கட்டத்துக்கு இரண்டுதான். முகவரி மாறியவர்கள், விசா நேர்காணலுக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.