எதிராளி ஆடும்போது நமக்கு என்ன வேலை? விண்வெளிப் போர் ஆட்டங்கள்: ஓர் ஒப்பீடு

"மாமா, என் சான்ஸ் எப்ப வரும்?"

அக்கா மகன் கேட்டான். மேசையில் சின்னப் பொம்மைப் படைகளை மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆடிக்கொண்டிருந்தோம், ஆளுக்கு ஆயிரம் புள்ளி மதிப்புள்ள படை. என் முறை வந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். நகர்த்துவது, இஞ்ச் டேப் வைத்து அளப்பது, பகடை உருட்டுவது என்று நான் மும்முரமாக இருந்தேன். அவன் நாற்காலியில் ஒரு காலை மடக்கிக்கொண்டு, தன் பச்சை ஆர்க்குகள் (வேற்றுக்கிரக முரடர்கள்) ஒவ்வொன்றாக மேசையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் உட்கார்ந்து அவனே வண்ணம் தீட்டிய ஆர்க்குகள்.

அன்றிலிருந்து எந்த மினியேச்சர் போர் ஆட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: எதிராளி ஆடும்போது நமக்கு என்ன வேலை இருக்கிறது? பொம்மையின் அழகு, விலை, பின்னணிக் கதை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் மூன்று மணி நேர ஆட்டத்தில் பாதி நேரம் அடுத்தவருடையது. அந்தப் பாதி எப்படிப் போகிறது என்பதில்தான் இந்த ஆட்டங்கள் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறுபடுகின்றன. நான் ஆடிப் பார்த்தவற்றை அந்தக் கண்ணோடு வரிசையாக வைக்கிறேன்.

வார்ஹாமர் 40,000-ல் (சுருக்கமாக 40கே) தொடங்குவதுதான் முறை. 1987-ல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'ரோக் டிரேடர்' நூலோடு பிறந்த ஆட்டம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிடுகிறது. பொம்மை விற்கும் இந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்கள் பட்டியலில் ஏறியது. அதற்குக் காரணம் அந்தப் பொம்மைகளின் தரம்தான் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். மனிதர் தரப்பின் கவச வீரரான ஒரு ஸ்பேஸ் மரீனின் தோள்கவச விளிம்பில் தூரிகையின் நுனியை இழுத்தால் அது தானாக வழி கண்டுபிடித்துப் போகும். அவ்வளவு கூர்மையான வார்ப்பு.

ஆட்டத்தின் அமைப்பு பழைய பாணி. ஒருவர் தன் முழுப் படையையும் நகர்த்தி, சுட்டு, பாய்ந்து, கைகலந்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்தவர். 2023-ல் வந்த 10ஆம் பதிப்பில் ஒரு முறைக்கு ஐந்து கட்டங்கள்: கட்டளை, நகர்வு, சுடுதல், பாய்ச்சல், கைகலப்பு. அன்று நடந்ததையே சொல்கிறேன். என் பத்து இன்டர்செஸர் வீரர்கள் (ஸ்பேஸ் மரீன்களில் ஒரு வகை) ஆளுக்கு இரண்டு முறை சுட்டார்கள், ஆக 20 பகடை. மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் குறி தப்பாது, சராசரியாக 13 தேறும். துப்பாக்கியின் பலம் 4, ஆர்க்கின் உடல்வலு 5. அதனால் காயம் பட ஐந்து அல்லது ஆறு விழ வேண்டும். அந்த 13-ல் நாலைந்து மிஞ்சும். அதற்குப் பிறகுதான் பையன் கைக்குப் பகடை போகும். ஆர்க்கின் கவசம் அப்படி இப்படி. என் குண்டு அதையும் துளைக்கும் என்பதால் ஆறு விழுந்தால்தான் பிழைப்பான். 37 பகடை உருண்டதில் அவன் உருட்டியது நாலே நாலு. அந்த நாலிலும் ஆறு விழ வேண்டும்!

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. கை நிறையப் பகடையை அள்ளி மேசையில் கொட்டும்போது எழும் சத்தத்துக்கு ஒரு போதை உண்டு. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெரிய படை மோதுகிறது என்ற உணர்வை இந்த அளவுக்கு வேறு எதுவும் தருவதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் ஆட ஆள் கிடைப்பார் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் 2,000 புள்ளி ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும் என்று விதிநூலே சொல்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் உங்கள் கை சும்மாதான் இருக்கும். இன்னொன்று: 2017-ல் 8ஆம் பதிப்பு, 2020-ல் 9, 2023-ல் 10 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிகள் மாறுகின்றன. 10 வந்தபோது 9-க்கான படைநூல்கள் (ஒவ்வொரு படைக்குமான விதிகள் உள்ளவை) ஆட்டத்துக்கு உதவாமல் போயின. தொடக்கப் பட்டியல்களை இலவசமாகவே கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் ஆட நேரம் கிடைக்கும் ஒருவர் விதிகளைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பேட்டில்டெக் இதற்கு நேர் எதிர். 1984-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஃபாஸா நிறுவனம் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 'டிராய்ட்' என்ற சொல்லுக்கு லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரியதால் அடுத்த ஆண்டே பெயர் மாறியது. பெயர் மாறியதே தவிர, விதிகளின் எலும்புக்கூடு நாற்பது ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. எண்பதுகளில் அச்சான அட்லஸ் மெக்கின் (மனிதர் உள்ளே ஏறி ஓட்டும் போர் எந்திரம்) விவரத் தாளை எடுத்து வைத்து இன்று ஆடலாம்.

கதையில் வேற்றுக்கிரகப் படையெடுப்பு கிடையாது. 31ஆம் நூற்றாண்டில் மனிதர்களே ஐந்து பெரும் அரச குடும்பங்களாகப் பிரிந்து, மாடி உயர எந்திரங்களில் ஏறி அடித்துக்கொள்கிறார்கள். சேர சோழ பாண்டியர் சண்டையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பகைகளும் திருமண உறவுகளும் உடனே பிடிபடும்.

ஆட்டம் அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் நடக்கிறது. டேப் வேண்டாம், கட்டம் எண்ணினால் போதும். யார் முந்துவது என்று பகடை போட்டுத் தோற்றவர் முதலில் ஒரு மெக்கை நகர்த்துவார், பிறகு வென்றவர் ஒன்று, திரும்ப அவர் ஒன்று. எல்லா நகர்வும் முடிந்த பிறகு இரு தரப்பும் சுடும். அந்தச் சேதம் எல்லாம் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததாகக் கணக்கு. இந்தச் சுற்றில் சாகப்போகிற மெக்கும் தன் குண்டுகளைச் சுட்டுவிட்டுத்தான் விழும். எதிராளி ஆடும்போது நமக்கு என்ன வேலை என்று கேட்டால், இங்கே எதிராளியின் நேரம் என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை.

இந்த ஆட்டத்தின் உயிர் வெப்பக் கணக்கில் இருக்கிறது. 80 டன் எடையுள்ள ஆசம் மெக்கை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று துகள் பீரங்கிகள். ஒன்று சுட்டால் 10 சேதம், 10 வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற 28 ஹீட் சிங்க் உண்டு. நடந்துகொண்டே மூன்றையும் சுட்டால் 31 வெப்பம். 28 போக மூன்று மிச்சம். அடுத்த சுற்றும் அப்படியே சுட்டால் மிச்சம் ஆறு. வெப்பம் ஐந்தைத் தொட்டதுமே மெக்கின் நடையில் ஒன்று குறையும். மூன்று கட்டம் நடக்கும் பூதம் இப்போது இரண்டுதான் நடக்கும். மூன்றாவது சுற்றில் இரண்டை மட்டும் சுட்டால் வெப்பம் மறுபடி சுழிக்கு இறங்கிவிடும். மூன்று, மூன்று, இரண்டு என்ற இந்தத் தாளம் கைக்குப் பழகியவுடன் அந்த மெக் வெறும் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும் அடங்கும் பழைய லாரி மாதிரி ஆகிவிடும்.

அக்கா மகனுக்கு 20 டன் லோகஸ்ட்டைக் கொடுத்தேன். அதில் இருப்பது ஒரு நடுத்தர லேசரும் இரண்டு மெஷின் கன்னும்தான். ஆனால் ஓடினால் 12 கட்டம் போகும். பத்துக் கட்டம் தாண்டி ஓடியவனைக் குறிபார்க்க நான்கு கூடுதல் சேரும். என் மெக்கை ஓட்டும் விமானியின் திறன் 4, நான் நடந்ததற்கு 1, அவன் ஓட்டத்துக்கு 4. மொத்தம் 9. கிட்டத்திலேயே இரண்டு பகடையில் ஒன்பது வேண்டும். நடுத் தொலைவு என்றால் பதினொன்று; 36-க்கு மூன்று வாய்ப்பு. "மாமா, ஓடட்டுமா? உங்க முதுகுப் பக்கம் வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். வந்தான். தாளில் ஆசம்மின் முதுகுக் கவசத்தைக் குறிக்கும் வட்டங்களில் ஐந்தை நான் பென்சிலால் அடித்தேன். அவன் எழுந்து நின்றே ஆடினான். அன்று முழுக்க அவன் நாற்காலியில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

குறை உண்டு. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனியாக உருட்ட வேண்டும். பட்டால் எங்கே பட்டது என்று மறுபடி உருட்ட வேண்டும். நாலுக்கு நாலு மெக் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கப் போய்விடும். பெரிய படைகளை மோதவிடும் ஆசை இருந்தால் ஆல்ஃபா ஸ்டிரைக் என்ற சுருக்க வடிவம் இருக்கிறது. ஆனால் அதில் இந்த நுணுக்கமான வெப்பக் கணக்கு கிடைக்காது. என்னைக் கேட்டால் அதை விட்டுவிட்டு ஆடுவது வீண்.

இன்ஃபினிட்டி வேறொரு விடையைச் சொல்கிறது. ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கும் கார்வஸ் பெல்லி 2005-ல் வெளியிட்ட ஆட்டம். பத்திலிருந்து பதினைந்து பேர் கொண்ட சிறு குழு, இருபது முகப் பகடை, சந்துகளும் மாடிகளும் நிறைந்த நகரம். இதிலும் ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர் முறை. ஆனால் உங்கள் வீரர் பார்வையில் எதிரி அசைந்தால் உடனே எதிர்வினை செய்யலாம். திருப்பிச் சுடலாம், ஒதுங்கிக்கொள்ளலாம். எதிராளியின் ஒவ்வொரு ஆணைக்கும் இது பொருந்தும்.

சண்டையை நேருக்கு நேர் உருட்டலில் தீர்க்கிறார்கள். இரு தரப்பும் 12 அல்லது அதற்குக் குறைவாக எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் மூன்று பகடை உருட்டுகிறார்: 4, 11, 17. எதிர்வினை செய்பவருக்கு ஒன்றுதான்: 9. அந்த 17 எல்லையைத் தாண்டியது, அது செல்லாது. 9 தன்னைவிடச் சிறிய 4-ஐ ரத்து செய்கிறது. 11 அந்த 9-ஐ வீழ்த்திக் குறியில் பாய்கிறது. சரியாக 12 விழுந்திருந்தால் அது தனிச்சிறப்பு, சாதாரண உருட்டல் எதையும் வெல்லும். ஒற்றைப் பகடையோடு மூன்றை எதிர்க்கும்போது மனம் அடித்துக்கொள்ளும் வேகத்தை வேறு எந்த ஆட்டத்திலும் நான் உணர்ந்ததில்லை. எதிராளியின் முறையில்தான் நான் அதிகம் வியர்த்திருக்கிறேன்.

நம்மவர் கண்ணில் உடனே படும் ஒரு விஷயம்: ஆலெஃப் என்ற செயற்கை நுண்ணறிவின் படையில் அசுரா, தேவா, கருடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதைப் புதியவருக்குப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம். வீரர்களின் சிறப்புத் திறன்கள் அத்தனை. மேசையில் கட்டடங்கள் நெருக்கமாக இல்லாவிட்டால் தொலைவிலிருந்து சுடும் ஒரு வீரரே ஆட்டத்தை முடித்துவிடுவார். அதாவது, படை சேர்ப்பதற்கு முன் ஊர் கட்ட வேண்டும். பொம்மைகளும் பெரும்பாலும் உலோகம். மெல்லிய துப்பாக்கிக் குழல் கீழே விழுந்தால் வளையும், கை மூட்டு சூப்பர் குளூவில் லேசில் நிற்காது. விதிகளும் படைப்பட்டியல் போடும் செயலியும் இலவசம் என்பது பெரிய ஆறுதல்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன் பேஜ் ரூல்ஸ் தரும் கிரிம்டார்க் ஃப்யூச்சர் யாருடைய பொம்மையையும் ஏற்கும். அடிப்படை விதிகள் இலவசம். ஒரு பிரிவை நீங்கள் இயக்க, அடுத்ததை அவர் இயக்க, மாறி மாறிப் போகும். 40கே-யில் மூன்று உருட்டல் எடுப்பது இங்கே இரண்டில் முடியும். ஏற்கெனவே வார்ஹாமர் படை வைத்திருந்து, காத்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உங்கள் படைக்கென்று தனிக் குணம் வெளிப்படுவது குறைவு. கதையை நீங்கள்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தத் தயாரிப்பான கில் டீமும் மாறி மாறி இயக்கும் முறைதான், ஒரு நேரத்தில் ஒரு வீரர். சின்ன மேசை, பத்துப் பேர் அளவிலான குழு, நான்கு சுற்று. 40கே-யின் உலகம் வேண்டும், அதன் காத்திருப்பு வேண்டாம் என்பவருக்கு ஒரே பெட்டியில் விடை கிடைத்துவிடுகிறது. 40கே-யை விற்பதற்கு முன்னால் இதைத்தான் விற்க வேண்டும் என்பது என் கருத்து.

செலவும் உழைப்பும் பற்றி ஒன்று. பேட்டில்டெக்கின் 'ஏ கேம் ஆஃப் ஆர்மர்டு காம்பட்' பெட்டியில் எட்டு மெக்குகள் ஒட்டப்பட்டே வருகின்றன. வரைபடம், பகடை, தாள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆசம், லோகஸ்ட் இரண்டும் அதில் உண்டு. இரண்டு பேர் அன்று மாலையே ஆடலாம். வார்ஹாமரில் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பொம்மையின் துண்டுகளை வெட்டி, விளிம்பைச் சுரண்டி, ஒட்டித்தான் தொடங்க முடியும். அந்த வேலையை விரும்புகிறவர் அதைச் சுமையாக நினைக்கமாட்டார். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு மரீனுக்கு நான் ஒரு மாலை எடுத்துக்கொள்கிறேன். மெக்குக்கு அடிப்படை நிறம், கருப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்), காய்ந்ததும் உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, விமானி அறைக் கண்ணாடிக்கு ஒரு சொட்டுப் பச்சை. சமையல் முடிவதற்குள் இரண்டு மெக் தயார்.

ஆகவே, தனியாக உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதுதான் உங்களுக்குப் பாதி இன்பம் என்றால் 40கே வாங்குங்கள், ஆனால் கில் டீம் அளவில் தொடங்குங்கள். எதிரே உட்காரப்போகிறவர் உங்களுக்குச் சமமாக மூளையைக் கசக்கும் நண்பர், இருவரும் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஆடுவீர்கள் என்றால் இன்ஃபினிட்டி. எதிரே இருப்பது சிறுவர் என்றாலோ, எப்போதாவது மட்டும் ஆடக் கிடைக்கும் அண்ணன் தம்பி என்றாலோ யோசிக்கவே வேண்டாம், பேட்டில்டெக்.

பையன் போகும்போது லோகஸ்ட்டின் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இடது காலில் இரண்டே இரண்டு கவச வட்டங்கள் மிச்சம் இருந்தன. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடர வேண்டுமாம்.