கன்ட்ரோல் (2007): நடிகர்களே வாசித்துப் பாடிய ஜாய் டிவிஷன்

இங்கிலாந்தின் ராக் குழு ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, குழுவின் முதல் அமெரிக்கப் பயணம் கிளம்ப ஒரு நாள் இருக்கையில், தற்கொலை செய்துகொண்டார். வயது 23. ராக் பாடகர்களின் வாழ்க்கைப் படங்கள் வழக்கமாகச் சறுக்குவது சாவைக் காட்டும் இடத்தில்தான். சாவையே கடைசிக் கச்சேரி போல ஆக்கிவிடுவார்கள். கர்ட்டிஸின் கதையைச் சொல்லும் ‘கன்ட்ரோல்’ படத்தில் இயக்குநர் அன்டன் கோர்பைன் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவி டெபரா வீட்டுக்குள் நுழைகிறார், கேமரா தெருவிலேயே நின்றுவிடுகிறது, அலறல் மட்டும் கேட்கிறது.

கோர்பைன் 1979இல் இந்தக் குழுவைப் புகைப்படம் எடுத்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். கலர் ஃபிலிமில் எடுத்து, கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போட்டிருக்கிறார்கள். கர்ட்டிஸின் ஊரான மேக்கிள்ஸ்ஃபீல்டின் வரிசை வீடுகளும் மழை ஈரமும் சாம்பல் நிறத்தின் அத்தனை படிகளிலும் தெரிகின்றன. டிவியில் பார்ப்பவர்கள் அதன் பட அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஃபிலிமின் மணல் போன்ற துகள்தன்மை போய் முகங்கள் மெழுகாகிவிடும். கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’ பக்கம் இருக்கட்டும், கறுப்பு வெள்ளையில் நீலம் ஏறாது.

படத்தின் உயிர் மேடைக் காட்சிகள். கர்ட்டிஸாக வரும் சாம் ரைலியும் குழுவினராக வரும் மற்ற மூவரும் தாங்களே பாடி வாசித்திருக்கிறார்கள். ஒலிநாடாவுக்கு வாயசைத்தால் கழுத்து நரம்பும் மூச்சும் பாட்டோடு ஒட்டாது. இங்கே ‘டிரான்ஸ்மிஷன்’ பாட்டில் ரைலிக்கு மூச்சு வாங்குவது காதில் விழுகிறது. கர்ட்டிஸின் அந்தக் கைவெட்டு ஆட்டம் எந்த நொடியில் வலிப்பாக மாறுகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாத நிலையை ரைலி உடம்பாலேயே காட்டிவிடுகிறார். வலிப்பு நோய் 1979 தொடக்கத்தில் உறுதியானது. மாத்திரைகளின் மந்தம், தூக்கமில்லாத இரவுகள், மேடை விளக்கு, இரண்டு பெண்களுக்கிடையே குற்றவுணர்வு என்று எல்லாம் சேர்ந்தே அவரை அழுத்துகின்றன. எதோ ஒன்றைக் காரணம் என்று படம் விரல் நீட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. டெபரா எழுதிய நினைவுநூலை ஒட்டிய திரைக்கதை என்பதால் அவருடைய வலிக்குச் சதை இருக்கிறது. டெபராவாக வரும் சமந்தா மார்ட்டன் அதிகம் பேசாமலேயே அதைத் தாங்குகிறார். கர்ட்டிஸின் காதலி அனிக் வெறும் நிழல். குழுவின் ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்தின் ஒலியைச் செதுக்கிய தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட்டுக்கும் போதுமான இடமில்லை. இசைக்காகவே வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். நல்லவேளை, குழுவின் மேனேஜர் ராப் கிரெட்டனாக வரும் டோபி கெபெல் வாய் திறந்தாலே சிரிப்பு வருகிறது; அவர் இல்லையென்றால் இரண்டு மணி நேரம் தாங்காது.

கடைசி அரைமணி மிகவும் கனம். மனம் சோர்ந்திருக்கும் நாளில் தனியாகப் பார்க்க வேண்டாம்.

தகவல் சுத்தம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: 1978இல் கிரனாடா டிவியில் குழு வாசித்தது ‘ஷாடோப்ளே’. படம் அங்கே ‘டிரான்ஸ்மிஷ’னை வைத்துவிட்டது. ‘ஷாடோப்ளே’ வேண்டுமென்றால் எழுந்து போகாமல் இறுதி டைட்டில் வரை உட்காருங்கள், அமெரிக்க ராக் குழு தி கில்லர்ஸ் அதைப் பாடுகிறார்கள்.